ஜாஞ்ச்கிர் டீச்சர் அன்னி ஃபங்க்

டைட்டானிக் என்றதும் நம்மில் பலருக்கு அந்தச் சினிமாதான் ஞாபகம் வரும். அந்தக் கப்பலின் இரண்டாம் வகுப்பில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் இருந்தார். பெயர் அன்னி கிளெமர் ஃபங்க். அன்று மத்திய மாகாணத்திலும் இன்று சத்தீஸ்கரிலும் இருக்கிற ஜாஞ்ச்கிர் என்ற சிற்றூரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். அமெரிக்காக்காரர், மெனோனைட் சபையைச் சேர்ந்தவர். 1912 ஏப்ரல் 15ஆம் தேதி விடியுமுன் அட்லாண்டிக் கடலில் இறந்துபோனார். உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 38 முடிந்து மூன்று நாள்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப காலமாக மனசில் வைத்திருந்தேன். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பல் பனிப்பாறையில் மோதியதில் தொடங்கி, இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து அது மூழ்கியதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் அதற்கு முன்னால் வாழ்ந்த 38 வருஷமும் முன்னுரை மாதிரி இரண்டு வரியில் போய்விடுகிறது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. அந்த ராத்திரி அவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியம் திடீரென்று வந்த வீரம் என்று நான் நினைக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீட்டிலும், அவர் நடத்திய பள்ளியிலும் பல காலமாக நடந்துகொண்டிருந்ததுதான் அது.

நான் இருக்கும் பினாங்கில் மெத்தடிஸ்ட் சபை தெரியும், ஆங்கிலிக்கன் சபை தெரியும், கத்தோலிக்கர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மெனோனைட் என்றால் யார் என்று கேட்பார்கள். அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போய்த்தான் ஆக வேண்டும்.

1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தானாகக் கேட்டு வாங்குவதுதான் செல்லும் என்று அவர்கள் முடிவுக்கு வந்து, ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இன்று கேட்டால் இதற்கு என்ன சண்டை என்று தோன்றும். அரசாங்கமும் சபையும் ஒரே கையில் இருந்த காலம் அது.  எனவே அவர்கள் செய்தது ராஜதுரோகம் என்றே ஆனது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527இல் கையைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். இந்தக் கூட்டத்துப் பெண்கள் பலருக்கும் பல ஊர்களில் தண்ணீரில் மூழ்கடிக்கும் தண்டனைதான் கிடைத்தது.

பத்து வருஷம் கழித்து நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து பகுதியில் மெனோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தன் பதவியை விட்டுவிட்டு, சிதறிக் கிடந்த இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரால்தான் மெனோனைட் என்ற பெயர் வந்தது. ஆயுதம் எடுக்க மாட்டார்கள், நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்கள், அடித்தால் திருப்பி அடிக்க மாட்டார்கள்.

இவர்களுடைய வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய புத்தகம் இருக்கும். தங்கள் சபையில் கொல்லப்பட்டவர்களின் வரலாறு அது. 1660இல் டச்சு மொழியில் வந்தது. இவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறிய பிறகு எஃப்ராட்டா என்ற ஊரில் 1748-49இல் ஜெர்மன் மொழியில் அச்சானது. காலனிக் கால அமெரிக்காவில் அச்சான புத்தகங்களிலேயே பெரியது அதுதான் என்பார்கள். அதில் டிர்க் வில்லெம்ஸ் என்று ஒருவர் வருகிறார். சிறையிலிருந்து தப்பி, உறைந்து கிடந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடுகிறார். சிறைச் சாப்பாட்டில் மெலிந்துபோன உடம்பு, பனி தாங்கிவிட்டது. துரத்தி வந்தவனுக்குத் தாங்கவில்லை, உடைந்து உள்ளே போய்விட்டான். வில்லெம்ஸ் அப்படியே ஓடியிருக்கலாம். திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதே இடத்தில் பிடிபட்டு, 1569இல் ஆஸ்பெரன் என்ற ஊரில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

ஐஸ் தண்ணீர், கரையேறும் வாய்ப்பு, இன்னொருவருக்காகத் திரும்பியது. மெனோனைட் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்கிற கதை இது. மறுபடியும் இந்த இடத்துக்கு வருகிறேன்.

அன்னி 1874 ஏப்ரல் 12 அன்று பென்சில்வேனியாவின் பாலி என்ற கிராமத்தில் பிறந்தார். ஹியர்ஃபோர்ட் மெனோனைட் சபைக் குடும்பம். வெஸ்ட் செஸ்டரில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். பிறகு மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு என்ற இடத்தில் பெண்களுக்கான ஊழியப் பயிற்சி. நேராக இந்தியாவுக்கு ஓடி வந்துவிடவில்லை. முதலில் டென்னசியின் சட்டனூகா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழைப் பகுதியில் வேலை செய்தார். அப்புறம் நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தில் வேலை. பேட்டர்சன் பட்டு ஆலைகளின் ஊர். பின்னால் அவர் போய்ச் சேர்ந்த ஜாஞ்ச்கிருக்குப் பக்கத்து ஊரான சாம்பாவும் கோசா பட்டு நெசவுக்குப் பேர் போனது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

மெனோனைட்டுகள் அந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் பஞ்சம். 1897லும் 1899-1900லும் மத்திய இந்தியாவைத் தாக்கிய பஞ்சங்களைக் கேள்விப்பட்டு அமெரிக்காவிலிருந்து தானியம் அனுப்பியவர்கள், பின்னால் ஆட்களையும் அனுப்பினார்கள். சாம்பாவில் தொழுநோயாளிகளுக்கு ஒரு இல்லம் உருவானது. ஜாஞ்ச்கிரில் ஒரு ஊழிய நிலையம். 1906 டிசம்பரில் அன்னி அங்கே வந்து இறங்கினார். அவருடைய சபைப் பிரிவிலிருந்து இந்தியாவுக்கு வந்த முதல் மணமாகாத பெண் ஊழியர் அவர்தான்.

கணவன் ஊழியர், மனைவி கூட வந்தவர் என்பதுதான் அதுவரை அந்தப் பிரிவில் வழக்கம். தனியாக ஒரு பெண், மனைவி என்ற அடையாளமும் இல்லாமல், பாஷை தெரியாத ஊருக்கு வருவது அந்தக் காலத்தில் எளிதில்லை. அந்த நாள் சபையில் பெண்கள் பிரசங்க மேடை ஏறுவதும் வழக்கமில்லை. கரும்பலகை இருந்தது. அதன் முன்னால் நின்றார். அவர் ஒருவர்தான் இப்படி வந்தார் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த ஆண்டே, 1907இல், இன்னொரு மெனோனைட் பிரிவிலிருந்து காத்தரினா ஷெல்லன்பர்க் என்ற பெண் டாக்டர் ஹைதராபாத் சமஸ்தானத்துக்கு வந்தார். இன்று ஹைதராபாத் விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத்தில் மருத்துவமனை நடத்தி 1945இல் அங்கேயே இறந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அன்னி இந்தி கற்றுக்கொண்டார். 1908இல் ஒரே ஒரு அறையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மாணவிகள் 17 பேர்.

இந்த 17 என்ற எண்ணிக்கையில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தேடிப் பொறுக்கி எடுத்த வட்டாரம். பூப்பெய்துவதற்கு முன்பே கல்யாணம் முடித்துவிடுகிற காலம். பையன் படித்தாலே அதிசயம். அப்படிப்பட்ட ஊரில் 17 வீட்டு வாசலில், அல்லது 17 அநாதைப் பிள்ளைகளின் பாதுகாவலர்களிடம், ஒரு வெள்ளைக்காரப் பெண் அரைகுறை இந்தியில் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெண்ணையும் மறுநாளும் பள்ளிக்கு வரவைக்க வேண்டும். அதற்கு மறுநாளும். இதை யாரும் படம் எடுக்கப்போவதில்லை. என்னைக் கேட்டால் அன்னி ஃபங்க் செய்ததில் கடினமான காரியம் இதுதான்.

பினாங்கு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இந்தக் கணக்கு விளங்கும். லைட் தெரு கன்வென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸிலிருந்து கன்னியாஸ்திரீகள் கப்பலேறி 1852இல் இங்கே வந்து தொடங்கியது. முதலில் புறப்பட்ட குழுவின் தலைவி வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். மிச்சப் பேர் தலைவி இல்லாமலே நம் கரையில் வந்து இறங்கினார்கள். அந்தக் கன்வென்ட் பள்ளி 170 வருஷத்துக்கு மேல் நடந்தது. எங்கள் வீட்டுப் பெண்களில் முதலில் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவர் எங்கள் பெரியத்தை. அவருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததும் இந்த ஊரில் ஒரு சிஸ்டர்தான். கடிதம் எழுதத் தெரிந்த பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால் என்னவெல்லாம் மாறும் என்பதை நான் பெரியத்தையிடம் பார்த்திருக்கிறேன். அதனால் கடல் தாண்டி வந்து பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களைப் பற்றி என்னால் ஒட்டாமல் எழுத முடியாது. மதம் மாற்ற வந்தவர்கள்தானே என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், தங்கள் விசுவாசத்தைச் சொல்லத்தான் வந்தார்கள். அதை மறைக்கவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட எழுத்து யார் சொத்து? அந்தப் பிள்ளைகளுடையது.

1912 தொடக்கத்தில் பாலியிலிருந்து ஜாஞ்ச்கிருக்குத் தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், உடனே புறப்பட்டு வா என்று சபைப் போதகர் அனுப்பியிருந்தார்.

"தாயார் சீரியஸ், உடனே வா" என்ற தந்திக்கு என்ன அர்த்தம் என்று பினாங்குத் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ஊரிலிருந்து தந்தி வந்த அன்று நாகப்பட்டினம் போகும் கப்பல் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வெல்ட் கீ துறையில் போய் உட்கார்ந்து வருவாராம். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பின்னாளில் ரஜுலா கப்பலில் எத்தனையோ பேர் அப்படிப் போயிருப்பார்கள். எப்படியாவது சீக்கிரம் போகிற கப்பல், எந்தக் கப்பலானாலும் சரி என்ற அந்தத் தவிப்பு தெரிந்தவர்களுக்கு, அன்னி அடுத்து எடுத்த முடிவு விளங்கும்.

ரயிலில் பம்பாய் வந்து, பெர்சியா என்ற கப்பலில் மார்செய் துறைமுகம் போய், அங்கிருந்து லிவர்பூல் போய்ச் சேர்ந்தார். ஹேவர்ஃபோர்ட் என்ற கப்பலில் பிலடெல்ஃபியா போவதாக ஏற்பாடு. பிலடெல்ஃபியாவில் இறங்கினால் வீடு பக்கம். ஆனால் அப்போது இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம். கரி இல்லை. ஹேவர்ஃபோர்ட் எப்போது கிளம்பும் என்றே தெரியாத நிலை. கிடைத்த கரியை எல்லாம் புதுக் கப்பலுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். புதுக் கப்பலில் போனால் சீக்கிரம் போகலாம் என்று டிக்கெட் அலுவலகத்தில் சொன்னார்கள். அன்னி கூடுதல் பணம் கட்டி 13 பவுனுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்தார். ஏப்ரல் 10, சவுத்தாம்டன்.

அவரை ஏற்றாத ஹேவர்ஃபோர்ட் 1920கள் வரை கடலில் ஓடியது. பம்பாயிலிருந்து அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்த பெர்சியாவை 1915 டிசம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கி கிரீட் தீவுப் பக்கம் மூழ்கடித்தது. முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

கப்பலில் ஏறிய மூன்றாம் நாள் அவருக்கு 38ஆவது பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாம் வகுப்புச் சாப்பாட்டு அறையில் எர்னஸ்ட் கார்ட்டர் என்ற பாதிரியார் பாடல் ஆராதனை நடத்தினார். நூறு பேர் போல வந்திருந்தார்கள். அன்னி அங்கே இருந்திருப்பார் என்றுதான் என் மனசு சொல்கிறது. அன்று ராத்திரி 11.40க்குக் கப்பல் மோதியது.

மெனோனைட் சபையில் சொல்லிவரும் செய்தி இது. அன்னி படகில் ஏறப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பிள்ளைகள் ஏற்கெனவே படகில் இருந்தார்கள். ஒரே இடம்தான் மிச்சம். அன்னி விலகி நின்று அவளை ஏற்றிவிட்டார்.

இதை நம்பலாமா என்று நானே யோசித்திருக்கிறேன். நம்புவதற்கு இரண்டு காரணம் சொல்வேன். முதல் காரணம், கணக்கு. பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின்படி இரண்டாம் வகுப்பில் வந்த பெண்கள் 93 பேர். அதில் பிழைத்தவர்கள் 80 பேர். இரண்டாம் வகுப்பு ஆண்கள் கிட்டத்தட்ட எல்லாருமே செத்த கப்பலில், பெண்களுக்குப் படகு கிடைத்துக்கொண்டிருந்தது. அன்னி அந்த 13 பேரில் ஒருவர். உடல் நலத்தோடு, தனியாக, கூட இழுத்துக்கொண்டு அலையக் குழந்தை குட்டி இல்லாமல் இருந்த 38 வயதுப் பெண். படகுத் தளத்துக்கு வந்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் ரூத் பெக்கர். இந்தப் பிள்ளை நமக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கியவள். குண்டூரில் பிறந்தவள், கொடைக்கானலில் படித்தவள். லூத்தரன் ஊழியரின் மகள். தம்பிக்கு உடம்பு சரியில்லாததால் அம்மா நெல்லி மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதே இரண்டாம் வகுப்பில் வந்தார். ரூத்துக்கு அப்போது 12 வயது. பின்னாளில் அவர் சொன்னது: தம்பியையும் தங்கையையும் 11ஆம் எண் படகில் ஏற்றிய அதிகாரி, படகு நிறைந்துவிட்டது என்று கையைக் காட்டிவிட்டார். அம்மா அலறிக்கொண்டு படகில் ஏறிவிட்டார். ரூத் மேலேயே நின்றுவிட்டாள். அம்மா கத்தியபடி அடுத்த படகுக்குப் போகச் சொல்ல, 13ஆம் எண் படகில் ஏறிப் பிழைத்தாள். ரூத் பிறகு கான்சாஸில் பள்ளி ஆசிரியை ஆனார், 1990வரை வாழ்ந்தார். அன்னி இடம் விட்டது நெல்லி பெக்கருக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் படகிலும் தாய் கப்பலிலுமாகப் பிரிந்து நின்று கதறிய காட்சி அன்று உண்மையிலேயே நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அப்படி ஒரு தாய் தன் பின்னால் கதறுவதைக் கேட்ட அன்னி என்ன செய்வார்? இங்கேதான் எனக்கு டிர்க் வில்லெம்ஸ் நினைவுக்கு வருகிறார். ஐஸ் தண்ணீரிலிருந்து இன்னொருவரைத் தூக்கிவிட்டுத் தன் உயிரை விட்டவரைப் பெருமையாகச் சொல்லி வளர்த்த சபை. அந்தச் சபையில் வளர்ந்த அன்னி, தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளாமல், பிறர் பெற்ற பிள்ளைகளுக்காக நாலு வருஷம் பள்ளி நடத்தியவர். அவர் போய்க்கொண்டிருந்ததும் ஒரு தாயைப் பார்க்கத்தான். பிள்ளைக்காகத் தாய் எப்படித் துடிப்பாள், தாய்க்காகப் பிள்ளை எப்படித் துடிக்கும் என்பது பம்பாயிலிருந்து வழி முழுக்க அவர் நெஞ்சில் இருந்திருக்கும். விலகி நிற்க அவருக்கு யோசிக்க நேரம் தேவைப்பட்டிருக்காது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பாலியில் படுக்கையில் கிடந்த அந்தத் தாயும் ஒரு தாய்தானே. மகள் வருகிறாள் என்று காத்திருந்தவர். யாரோ பெற்ற பிள்ளைகளுக்குத் தாய் கிடைத்தாள், இவருக்கு மகள் கிடைக்கவில்லை. சபையில் எழுதப்பட்டவை இந்தப் பக்கத்தைத் தொடாமலே போய்விடுகின்றன. தியாகம் என்று சொல்லும்போது அந்த வீட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜாஞ்ச்கிரில் பள்ளி நிற்கவில்லை. அன்னியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பல ஆண்டு அவர் இல்லாமலே பெண்பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அந்த 17 பேரில் எத்தனை பேர் பின்னால் டீச்சராகவோ நர்ஸாகவோ ஆனார்கள், எத்தனை பேர் தங்கள் மகள்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து தேடி எழுதினால் அதுதான் அன்னி ஃபங்க்கின் முழு வரலாறாக இருக்கும். சத்தீஸ்கரில் இருக்கும் மெனோனைட் குடும்பங்களில் நாலாவது, ஐந்தாவது தலைமுறை இப்போது நடக்கிறது. கேட்க ஆள் இருந்தால் சொல்ல ஆள் இருக்கிறது.

பள்ளிக்கூடம் இப்போது இல்லை. பென்சில்வேனியாவில் ஹியர்ஃபோர்ட் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, கீழே உடல் கிடையாது. ஜாஞ்ச்கிர் போக நினைப்பவர்களுக்கு வழி கடினமில்லை. மும்பை-ஹவுரா ரயில் பாதையில் பிலாஸ்பூரைத் தாண்டி ஜாஞ்ச்கிர்-நைலா என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். அடுத்து வருவது சாம்பா. ஊர்க்காரர்களிடம் டைட்டானிக் என்று கேட்காமல், டீச்சரம்மா பெயரைச் சொல்லிப் பள்ளி இருந்த இடம் எது என்று கேளுங்கள்.